கடைசியாக நல்லாயிருந்த நேரம்

ஒன்பதாவது கார் குணநாயகத்தினுடையது. முன்னால் எட்டு. எட்டுக்கும் முன்னால் பனி தள்ளுகிற பெரிய வாகனம். பின்னால் எத்தனை என்று அவருக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. நோர்வேயின் வட தொங்கலில், ஒரு மரத்தைக்கூடக் காணமுடியாத இந்த மேட்டுநிலத்தில், புயலடிக்கிற நாளில் தனியாகக் காரோட விடமாட்டார்கள். சாலைக்குக் குறுக்கே தடைக்கம்பைப் போட்டுவிடுவார்கள். வாகனங்கள் சேரச் சேர வரிசையில் நிறுத்தி, பனி தள்ளும் வாகனத்தை முன்னே விட்டு, எல்லாவற்றையும் ஒரு கோவையாக அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்குவார்கள். நாற்பது கிலோமீற்றர். முன்காரின் சிவப்பு விளக்கைத் தவறவிடக்கூடாது, காரைவிட்டு இறங்கக்கூடாது. இரண்டே விதி. முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த இரண்டையும் அவர் மீறினதில்லை. மணி பன்னிரண்டு இருபத்திரண்டு. பகல்தான், ஆனால் பகல் என்று சொல்ல என்ன இருக்கிறது, கண்ணாடிக்கு வெளியே மேலும் கீழும் பக்கமும் எல்லாம் ஒரே வெள்ளை, மாவுச் சாக்குக்குள் தலையை விட்ட மாதிரி. அந்த வெள்ளைக்குள் இரண்டு சிவப்புப் பொட்டு. அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பார்க்கப் பார்க்கப் பொட்டு மறைந்து வாய் தெரிந்தது, இடது பக்கம் வழிந்து இறங்கின வாய், மலரின் வாய். யோகமலர், அவருடைய மனுசி, இப்போது அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இறக்கப்பட்டிருப்பாள். இல்லையென்றால் இன்னும் அம்புலன்சுக்குள் கிடப்பாள். இரண்டில் எது என்று தெரியாது. பன்னிரண்டு இருபத்திமூன்று.

தடைக்கம்படியில் நின்றபோது மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி ஒவ்வொரு காராக வந்து யன்னலைத் தட்டினாள். வரிசையின் கடைசியில் காவலுக்கு வருகிறவள் அவள்தான். நோர்வேஜியமொழியில் யார் என்ன சொன்னாலும் குணநாயகத்தின் மண்டைக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இறங்கும், அவளும் அப்படித்தான் இறங்கினாள். “எத்தினை பேர்?” “ஒராள்.” “எண்ணெய் கிடக்கோ?” “அரைத்தாங்கி.” “முதல் தரமோ இதால போறது?” அவர் அவளை முறைத்தார். “சரி சரி, முறைக்காதையுங்கோ. தெரிஞ்சாக்களுக்கும் சொல்லத்தான் வேணும். இறங்கக்கூடாது. மூத்திரம் வந்தாலும் இறங்கக்கூடாது.” பிறகு பக்கத்து இருக்கையில் கிடந்த புத்தகத்தைக் கண்டுவிட்டாள். “அட, நானும் இதுதான் வாசிக்கிறன். ஆர் செய்தது எண்டு சொல்லிப்போடாதையுங்கோ, நான் இன்னும் பாதிதான்.” வேறொரு நாளென்றால் சொல்லியிருப்பார். சொல்வதில் அவருக்கு ஒரு ருசி உண்டு. இன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான். “அம்புலன்ஸ் ஒண்டு முன்னால போனதே?” “ஓம். தனியாத் தள்ளிக் குடுத்தாங்கள். சரியாப் பன்னிரண்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினது எண்டு வயர்லெஸ்சில சொன்னவை. ஏன், உங்கட ஆக்களோ?” அவர் யன்னலை ஏற்றிவிட்டார். அவள் அடுத்த காருக்குப் போய்விட்டாள்.

புத்தகம் எப்படிக் காருக்குள் வந்தது? அவர் எடுத்து வரவில்லை. மருந்துப் பட்டியல், அவளுடைய கண்ணாடி, கம்பளிக் காலுறை, இவற்றைத்தான் எடுத்தார். கை தன்பாட்டில் அதையும் எடுத்திருக்கிறது. உயிர்த்த ஞாயிறு வாரம் வந்தால் இந்த நாடு முழுக்கக் கொலைக் கதை வாசிக்கும். அது இவர்களுடைய வழக்கம். மலைக் குடிலுக்குப் போவார்கள், தோடம்பழம் உரிப்பார்கள், சவம் எண்ணுவார்கள். பால் பெட்டியில்கூட ஒரு கொலையை அச்சடித்து விட்டிருப்பார்கள், காலையில் பாலை ஊற்றிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். மீன் தொழிற்சாலைக்கு வந்த முதல் வருஷம், யாரோ சாப்பாட்டறையில் விட்டுப்போன ஒன்றை எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வாசித்தார். அதனால் அவருக்குத் தலைவலி மாத்திரை கேட்கத் தெரியுமுன்னமே பிணம் விறைப்பது, கழுத்தில் தடயம், வாக்குமூலம் எல்லாம் நோர்வேஜியத்தில் தெரிந்திருந்தது. எல்லாம் பனி. எப்போதும் பனி. உறைந்த ஏரிக்கடியில் ஒரு சவம், துருவமான் மேய்ப்பவன் ஒருவன், வயிற்றுப்புண் வந்த பொலிஸ்காரன் ஒருவன், அவனுக்கு மனுசி விட்டுப்போயிருப்பாள். ஒவ்வொரு வருஷமும் நூறாவது பக்கத்துக்குள் ஆள் யாரென்று பிடித்துவிடுவார். பிடித்து, சமையலறைக்குப் போய், மலருக்குச் சொல்லுவார். “மனுசன் வாசிக்கிறதே என்னை முட்டாளாக்கத்தான்” என்பாள் மலர். அவள் அந்தப் புத்தகங்களில் ஒன்றைத் தொட்டதில்லை. அவர் எப்படிப் பிடிப்பார்? ரகசியம் ஒன்றுமில்லை. முதல் விசாரணையில் பொலிஸ்காரன் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பான். கடைசியாக அவளை எப்போது நல்லபடி கண்டாய்? அதற்குத் தயங்காமல், கேட்டவுடன், மணி சொல்லிப் பதில் சொல்கிறவன் எவனோ அவன்தான். உண்மை சொல்கிறவனுக்கு மணி தெரியாது. அவன் யோசிப்பான், தலையைச் சொறிவான், மழை பெய்ததென்பான். பொய் சொல்கிறவன் மட்டும் மணிக்கூடு மாதிரிச் சொல்லுவான். பத்தரை.

பத்தரை. அவர் சொன்னது அதைத்தான். அம்புலன்ஸ்காரன் முழங்காலில் நின்று மலரின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டான். “கடைசியா எப்ப அவ நல்லா இருந்ததைக் கண்டனீங்கள்?” குணநாயகம் தயங்கவில்லை. “பத்தரை.” அவன் கையுறையின் மேலேயே எழுதிக்கொண்டான். இப்போது அந்தக் கையுறையை அவன் குப்பையில் போட்டிருப்பான், ஆனால் பத்தரை கடதாசிக்குப் போயிருக்கும், கடதாசியிலிருந்து கம்பியூட்டருக்குப் போயிருக்கும். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நாக்கு சொன்னது. பத்தரைக்குத்தான் அவர் கடைசிப் பக்கத்தை முடித்து, மூடி, எழும்பி, ஆள் யாரென்று சொல்ல அறைக்குள் போனார். போனபோது வாய் வழிந்து கிடந்தது. அதனால் பத்தரை பொய்யென்றும் சொல்ல முடியாது. அவர் கண்டது பத்தரைக்குத்தானே. இல்லை. இல்லை. அதற்கு முந்தி எட்டே முக்கால் இருக்கிறது. எட்டே முக்காலுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள், அது கோப்பைக்கு வெளியே விழுந்தது, மேசையால் ஓடிப் புத்தகத்துக்குக் கிட்ட வந்தது, அவர் புத்தகத்தைத் தூக்கினார். தூக்கினார், அவ்வளவுதான். “இஞ்சரப்பா, இந்தக் கை ஒரு மாதிரிக் கிடக்கு” என்றாள். “எந்தக் கை?” என்றுகூடக் கேட்கவில்லை அவர். “போய்ப் படும். படுத்தெழும்பினாச் சரியாப் போம்.” இருநூற்றுத் தொண்ணூறாவது பக்கம். இந்த வருஷம் நூறாம் பக்கத்தில் பிடிபடவில்லை, இருநூறிலும் பிடிபடவில்லை, அந்த எரிச்சல். “படுக்கிறன்” என்றாள். படுக்கிறன் என்ற சொல்லில் ட வழுக்கினது. அது அவர் காதில் விழுந்தது. விழுந்ததா, இப்போது சேர்த்துக்கொள்கிறாரா? விழுந்தது. விழுந்ததை ஓர் ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். கதையில் எவனோ ஒருவனின் சப்பாத்து அடையாளம் இடப்பக்கம் அழுத்தமாக விழுந்திருக்கிறது என்றால் அதைக் குறித்துக்கொள்ளுகிற மனுசன்.

பத்தரைக்கும் எட்டே முக்காலுக்கும் நடுவில் ஒன்றே முக்கால் மணித்தியாலம். அம்புலன்ஸ்காரன் நல்ல பொடியன், எல்லாம் விளக்கிச் சொன்னான். மூளைக்குப் போகிற குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருக்கும், அதைக் கரைக்கிற ஊசி இருக்கிறது. தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். பிந்தி ஏற்றினால் அதே ஊசி மூளைக்குள் இரத்தத்தைக் கசிய விட்டுவிடும், ஆளை முடித்தும் விடும். “நல்ல காலம், கெதியாக் கண்டுட்டியள். மூண்டு மணி மட்டும் நேரம் கிடக்கு” என்றான். குணநாயகம் சுவரைப் பார்த்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். “நீங்களும் ஏறுங்கோ” என்றான். ஏறியிருந்தால் அங்கே சொல்லியிருக்கலாம். ஏறவில்லை. “மருந்துப் பட்டியல் எடுத்துக்கொண்டு காரில வாறன்” என்றார். பட்டியல் சமையலறை அலுமாரியில் ஒட்டிக் கிடந்தது, எடுக்க அரை நிமிஷம் ஆகாது. மலர் தூக்குக் கட்டிலில் கிடந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருக்கப் பயந்துதான் காரில் வந்தார். அதையும் அவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

தடைக்கம்படியில் போனில் சிக்னல் இரண்டு கோடு இருந்தது. ஆஸ்பத்திரி இலக்கத்தை அந்தப் பொடியன் எழுதிக் கொடுத்திருந்தான். ஆறு இலக்கம் அமர்த்தினார், அழித்தார். கணக்குப் பார்த்தார். அம்புலன்ஸ் பன்னிரண்டுக்கு இறங்கினது. அங்கிருந்து ஆஸ்பத்திரி அரை மணித்தியாலம். தலையைப் படம் எடுக்க இருபது நிமிஷம். பன்னிரண்டு ஐம்பதுக்கு ஊசி ஏறிவிடும். எட்டே முக்காலிலிருந்து கணக்கு வைத்தாலும் ஒன்றேகால் மட்டும் நேரம் இருக்கிறது. அப்படியென்றால் பொய்யால் ஒருவருக்கும் கேடில்லை. பத்தரை என்றாலும் ஏறும், எட்டே முக்கால் என்றாலும் ஏறும். ஏன் வீணாகக் குழப்புவான்? நேரில் போய் ஆறுதலாகச் சொல்லலாம். அல்லது சொல்லாமலும் விடலாம். ஒஸ்லோவில் இருக்கிற மகளுக்கும் இன்னும் அறிவிக்கவில்லை. ஆரணி முதலில் கேட்கப்போவது அதையேதான். எப்ப அப்பா தொடங்கினது? கணக்குச் சரியாக வந்தது. வந்தவுடன் கம்பைத் தூக்கினார்கள், வரிசை நகர்ந்தது, இரண்டு கோடு ஒன்றானது, ஒன்று இல்லாமல் போனது. இப்போது மேட்டுநிலத்தின் நடுவில் அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்கிறார், ஒவ்வொரு தரமும் ஒரு ஆணி கழன்று விழுகிறது. பன்னிரண்டு ஐம்பதுக்கு ஏற்றுவார்கள் என்று யார் சொன்னது? அவர்களுக்கு மூன்று மணி மட்டும் நேரம் இருக்கிறது. இருக்கிறவன் ஏன் ஓடுவான்? உயிர்த்த ஞாயிறு வாரம், ஆஸ்பத்திரி முழுக்கச் சறுக்கி விழுந்து கால் முறிந்தவர்கள். ஒரு சின்னப் பிள்ளையை முதலில் படம் எடுப்பார்கள். டொக்டர் ஒரு கோப்பி குடித்துவிட்டு வருவார். எல்லாம் ஒழுங்காக, பதற்றமில்லாமல், இந்த நாட்டு வழக்கப்படி, ஒன்று இருபதுக்கு ஏற்றுவார்கள். ஒன்று முப்பதுக்கு ஏற்றுவார்கள். கடதாசியில் எல்லாம் சரியாக இருக்கும். யாரும் பிழை சொல்ல ஏலாது. இரத்தம் மட்டும் கசியும்.

முன்காரின் சிவப்பு கிட்ட வந்தது. கிட்ட வந்து, நின்றது. அவரும் நின்றார். மணி பன்னிரண்டு நாற்பது. நிற்பது உண்டு. காற்று சாலையின் குறுக்கே பனியை மதிலாகக் கட்டிவிடும், தள்ளும் வாகனம் பின்னே வந்து, முன்னே போய் மோதி, மறுபடி பின்னே வந்து உடைக்க வேண்டும். பத்து நிமிஷம் ஆகும், சில நேரம் ஒரு மணித்தியாலம் ஆகும். துடைப்பான் ஐஸ் கட்டிக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கார் ஆடிற்று. போனை யன்னலோடு அமர்த்திப் பிடித்தார், கூரையோடு பிடித்தார். கோடில்லை. பன்னிரண்டு நாற்பத்திரண்டு. தொழிற்சாலையில் மீன் கொண்டுவருகிற பட்டி ஓடும்போது ஒன்று தவறிப் போனால் அடுத்தவள் எடுப்பாள், அவளும் விட்டால் அதற்கடுத்தவள். இங்கே அடுத்தவர் இல்லை. எட்டே முக்காலை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தியின் வாய் இழுத்துக் கிடக்கிறது. மற்றவர் வெள்ளைக்குள் குந்தியிருக்கிறார். பெரிய வாகனத்தில் வயர்லெஸ் இருக்கும். மஞ்சள் சட்டைக்காரி சொன்னாளே, வயர்லெஸ்சில் சொன்னவை என்று. அவள் கடைசியில். முன்னால் எட்டுக் கார், பின்னால் எத்தனையென்று எண்ணவில்லை. முன்னால் போகலாம். இறங்கக்கூடாது. எல்லாப் புத்தகத்திலும் ஒருவன் இறங்குவான். காரில் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று பிறகு பொலிஸ்காரன் சொல்லுவான், மே மாதம் பனி இளகும்போது, சாலையிலிருந்து பன்னிரண்டு மீற்றரில். வாசித்துவிட்டு அவர் மலரிடம் சொல்லியிருக்கிறார், “இப்பிடியான விசரன் சாகத்தான் வேணும்” என்று. பன்னிரண்டு நாற்பத்தைந்து. தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்தார். கதவைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

காற்று முகத்தில் அடித்தது என்று எழுதுவார்கள். அடிக்கவில்லை. வாய்க்குள் புகுந்து மூச்சை வெளியே எடுத்துக்கொண்டு போனது. காரின் மூக்கைப் பிடித்தபடி முன்னே போனார். கார் முடிந்தது. அடுத்த கார் மூன்று எட்டில் இருக்க வேண்டும். கையை நீட்டி மூன்று எட்டு வைத்தார், இரும்பு கிடைத்தது. எட்டாவது கார். உள்ளே ஒரு மனுசனும் மனுசியும் ஒரு நாயும். மனுசன் யன்னலை ஒரு விரல் அளவுக்கு இறக்கி, “உனக்கென்ன மண்டை கழண்டதோ? போய் ஏறு காரில” என்று கத்தினான். நாயும் அதையே சொன்னது. ஏழு. ஆறு. ஒரு பெண் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தவள் அவரைக் கண்டு கையை வாயில் வைத்தாள். ஐந்துக்கும் நாலுக்கும் இடையில் மூன்று எட்டு வைத்தார், இரும்பு இல்லை. நாலாவது எட்டு. இல்லை. கால் மெத்தென்று முழங்கால் மட்டும் இறங்கிற்று. அப்போது விளங்கியது, சாலை முடிந்துவிட்டது. திரும்பினார். திரும்பினது சரியான பக்கமா என்று தெரியவில்லை, பக்கம் என்று ஒன்றில்லை. பன்னிரண்டு மீற்றர். ஒரு கட்டத்தில் அவர் நின்றே விட்டார், நின்று, இது இலகுவாக இருக்கிறதே என்று நினைத்தார். இப்படியே நின்றால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மனுசியைப் பார்க்க ஓடினவர், பாவம், வழியில் முடிந்தார் என்பார்கள். ஆரணி அழுவாள். பத்தரை அப்படியே நிற்கும். அந்த நினைப்புத்தான் அவருக்கு எரிச்சலை மூட்டியது. தன்மேலேயே வந்த எரிச்சல், பட்டியில் கத்தியைத் தூக்கி எறியப் பண்ணுகிற எரிச்சல். குனிந்து, நாய்மாதிரி நாலு காலில், தன் கால் குழியைத் தடவித் தடவிப் பின்னாலே வந்தார். சிவப்பு விளக்கொன்று மங்கி மங்கி எரிந்தது. நாலாவது காரின் பின்விளக்கு. அதற்குப் பிறகு அவர் கையை எடுக்கவேயில்லை, இடைவெளியில்கூடத் தரையோடு ஊர்ந்தார். மூன்று, இரண்டு, ஒன்று. பெரிய வாகனத்தின் படி அவருடைய நெஞ்சு உயரம். கதவில் முட்டியால் குத்தினார்.

சாரதி கழுத்தில்லாத பெரிய மனுசன். கொலரில் பிடித்துத்தான் உள்ளே இழுத்தான். “இறங்கக்கூடாது எண்டு சொல்லேல்லையோ உமக்கு?” “சொன்னவ.” “பேந்து?” “என்ர மனுசி ஆஸ்பத்திரியில. அம்புலன்சில போனவ. நான் ஒரு நேரம் சொன்னனான், அது பிழை. ஊசி ஏத்தப் போறாங்கள்.” சாரதி அவருடைய மீசையில் தொங்கின ஐஸைப் பார்த்தான். வயர்லெஸ்சை எடுத்து யாரையோ கூப்பிட்டான், அந்த யாரோ இன்னொருவரைக் கூப்பிட்டார்கள், ஒரு கரகரப்பு, ஒரு பெண்குரல், இன்னொரு கரகரப்பு. கடைசியில் ஒரு டொக்டர். பெண். “ஆர் கதைக்கிறது?” சாரதி கருவியை அவர் கையில் வைத்து, அமர்த்துகிற இடத்தைக் காட்டினான். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. “யோகமலரின்ர மனுசன். ஊசி ஏத்திப்போட்டியளோ?” “ஆயத்தமாக் கிடக்கு. இப்ப ஏத்தப் போறம்.” “அந்தப் பத்தரை பிழை.” சொல்லிவிட்டு அவருக்கே அது காணாமல் இருந்தது. “பிழையில்லை. பொய். நான் சொன்ன பொய். எட்டே முக்காலுக்கே கை விளங்கேல்லை. தேத்தண்ணியை வெளியில ஊத்தினவ.” வயர்லெஸ்சில் கதைத்தால் பின்னாலிருக்கிற மஞ்சள் சட்டைக்காரிக்கும் கேட்கும், இந்தக் கரையோரத்தில் பனி தள்ளுகிற அத்தனை பேருக்கும் கேட்கும். கேட்கட்டும். பிறகு டொக்டர், “உங்கட மனுசியையும் கேட்டனாங்கள். அவ கதைச்சால் விளங்குதில்லை, ஆனால் எங்கட கதை அவவுக்கு நல்லா விளங்குது. பத்தரைக்கோ தொடங்கினது, மனுசன் அப்பிடிச் சொல்லுறார் எண்டு கேட்டம். ஓம் எண்டு தலையாட்டினவ.”

தலையாட்டுவாள். தலையாட்டாமல் என்ன செய்வாள். மலர் இந்த நாட்டுக்கு வந்து இறங்கின கிழமை, பொலிஸ் கந்தோரில் இரண்டு பேரையும் வெவ்வேறு அறையில் வைத்துக் கேட்டார்கள், உண்மையில் புருஷன் மனுசிதானா என்று. எத்தனை மணிக்குத் தாலி கட்டினது? நடைபாதையில் வைத்து அவளுக்குச் சொல்லியிருந்தார். “உத்தியோகச் சட்டை போட்டவன் எவன் கேட்டாலும் நான் சொன்னதையே சொல்லும். நான் பிழையாச் சொன்னாலும் அதையே சொல்லும். மாறிச் சொன்னால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.” அவர் பதற்றத்தில் ஒன்பது நாற்பது என்று சொன்னார், முகூர்த்தம் பத்துப் பத்து. அவளும் ஒன்பது நாற்பது என்றாள். வெளியே வந்து, “பத்துப் பத்தெல்லே?” என்று மட்டும் கேட்டாள். அன்றைக்குச் சொன்னதை இன்றுவரை அவர் வாபஸ் வாங்கவில்லை. அவளும் விடவில்லை. வாய் இழுத்துக் கிடந்தும் விடவில்லை. ஊசி ஏறி மூளைக்குள் இரத்தம் கசிந்தாலும் பத்தரை என்றுதான் தலையாட்டியிருப்பாள்.

“கேக்குதோ?” என்றது குரல். “எட்டே முக்கால் எண்டால் ஒண்டேகால் மட்டும் நேரம் கிடக்கு. இன்னும் இருபது நிமிஷம். காணும். இப்பவே ஏத்திறம். நல்ல வேளை சொன்னீங்கள்.” சாரதி அவருடைய தோளில் ஒரு அடி அடித்தான். குணநாயகம் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார், கை விடவில்லை. முடிந்தது. அவர் சொல்லிவிட்டார், நேரமும் இருக்கிறது, எல்லாம் சரி. எல்லாம் சரியென்றால் கை ஏன் விடவில்லை? எட்டே முக்கால். எட்டே முக்காலுக்குத் தேத்தண்ணி விழுந்தது. அந்தப் பொடியன் கேட்டது எப்போது விழுந்தது என்றில்லையே. கடைசியாக எப்போது நல்லாயிருந்ததைக் கண்டீர்கள் என்றல்லவா கேட்டான். கண்டது. எப்போது கண்டார்? எட்டு மணிக்கு அவள் பாண் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கை கண்டார், சட்டைக் கை. எந்தக் கை? தெரியாது. முகம்? முகம் காணவில்லை. ஏழரைக்கு அவர் எழும்பி வந்தபோது அவள் அடுப்படியில் நின்றாள், முதுகு. அது முதுகுதானா, கதிரையில் போட்டிருந்த அவளுடைய குளிர்ச்சட்டையா? நேற்றிரவு? நேற்றிரவு புத்தகம். விளக்கை அணை என்று ஒரு குரல். குரலுக்கு முகம் இல்லை. முந்தநாள்? தேடத் தேட வெள்ளைதான் வந்தது, மேலும் கீழும் பக்கமும், அதற்குள் ஒரு பொட்டும் இல்லை.

“டொக்டர், பொறுங்கோ.” “நேரமில்லை ஐயா.” “எட்டே முக்கால் நான் கண்ட நேரம். அதுக்கு முந்தி அவ எப்பிடி இருந்தவ எண்டு எனக்குத் தெரியாது. அவவையே கேளுங்கோ. நான் என்ன சொன்னனான் எண்டு சொல்லாமல் கேளுங்கோ. நேரத்தை நீங்கள் எடுத்துக் குடுக்காதையுங்கோ, நான் சொன்னது எண்டு ஒரு சொல் வந்தாலும் தலையாட்டிப்போடுவா. மனுசன் ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ. அவ தானாச் சொல்லட்டும்.” “நில்லுங்கோ” என்றது குரல். கரகரப்பு. சாரதி இயந்திரத்தை நிறுத்தினான், சத்தம் இடைஞ்சலாக இருக்கும் என்று. காற்று வாகனத்தைப் பிடித்து உலுக்கிற்று. எவ்வளவு நேரம் என்று குணநாயகம் பார்க்கவில்லை, மணிக்கூட்டுப் பக்கமே திரும்பவில்லை.

“கேட்டம்,” என்றது குரல். இப்போது அது மெதுவாக வந்தது. “வலது கையைத் தூக்கினவ. அஞ்சு விரல். பேந்து மடக்கி ஒரு விரல். ஆறு மணி. விளங்கேல்லை எண்டு சொல்லித் திருப்பிக் காட்டச் சொன்னன். திருப்பியும் அதேதான். காலமை கால் விறைச்சது எண்டு காலையும் தொட்டுக் காட்டினவ. அப்ப இந்த ஊசி இல்லை. ஏத்தியிருந்தால்…” அதை முடிக்கவில்லை. “இனி என்ன செய்வியள்?” “வேற மருந்து கிடக்கு. மெல்ல மெல்லத்தான். கை வருமோ எண்டு இப்ப சொல்லேலாது. ஆள் இருக்கிறா. உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா, கதவைப் பாத்தபடி.” ஆறு மணி. ஆறு மணிக்கு எழும்பி, விறைத்த காலை இழுத்துக்கொண்டு, பாண் வெட்டி, முட்டை அவித்து, கதைக்குக் குறுக்கே வராமல் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். “ஐயா, இதில ஒரு இடம் கிடக்கு,” என்றது குரல், “மனுசன் அவவைக் கடைசியா நல்லாயிருந்ததைக் கண்ட நேரம் எண்டு. பத்தரையை வெட்டுறன். எட்டே முக்கால் எண்டு எழுதவோ?”

அவர் பொத்தானை அமர்த்தினார்.

“வேண்டாம். பாக்கேல்லை எண்டு எழுதுங்கோ.”